‘மார்ஜின்’ என்பதற்கு ‘வரம்பு’ பொருந்துமா?

வணிகச் செய்திகளில் அன்றாடம் அடிபடும் ‘மார்ஜின்’ என்ற சொல்லுக்கு மூலம் ‘மார்கோ’ என்னும் லத்தீன் சொல். அதன் பொருள் ஓரம், விளிம்பு. ஏட்டின் ஓரத்தில் எழுதாமல் விடும் இடத்துக்கு வழங்கிய அப்பெயர், விற்ற விலையில் செலவு போக எஞ்சுவதற்கும் பின்னர் ஆகிவந்தது. தமிழில் இதைப் பல இடங்களில் ‘இலாப வரம்பு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. வரம்பு என்பது, வயலின் வரப்பைப் போல, இதைத் தாண்டக்கூடாது என்று கட்டும் எல்லை. ‘இலாப வரம்பு குறைந்தது’ என்று படிப்பவர் யாரோ உச்சவரம்பு விதித்துவிட்டதாக எண்ண இடமுண்டு.

சொல்லின் பொருள் கணினித் தொழிலில் நன்றாகப் புலப்படும். 1,000 டாலருக்கு விற்கும் கணினிக்கு 820 டாலர் செலவானால் எஞ்சுவது 180, அதாவது 18 விழுக்காடு. போட்டிக்காக விலையை 900 ஆக்கினால் எஞ்சுவது 80 தான். விலை பத்தில் ஒரு பங்கு குறைய, விகிதமோ 9 விழுக்காட்டுக்கும் கீழே போய்விடுகிறது. 1984இல் தொடங்கிய டெல் நிறுவனம், இடைத்தரகர் இல்லாமல் நேரடியாக விற்று, வாங்குபவர் கேட்டபடி பாகங்களைப் பொருத்திக் கணினி செய்து கொடுத்து, நாளுக்கு நாள் விலை இறங்கும் உதிரி பாகங்களைச் சில நாள் தேவைக்கு மட்டுமே இருப்பில் வைத்து, பிறர் விலையைக் குறைக்க முடியாத இடத்திலும் தான் குறைத்தது. ஆனால் எல்லாக் கணினிக்குள்ளும் இருந்தவை பெரும்பாலும் அதே இன்டெல் சில்லும் அதே விண்டோஸும்தான். பெரிய இலாபம் அவற்றைச் செய்தவர்களிடமே தங்கியது. ஐபிஎம் தன் தனிக்கணினிப் பிரிவை 2005இல் லெனோவோவிடம் விற்று விலகியது. 2006இல் கணினி விற்பனையில் ஹெச்பி டெல்லை முந்தியது. மறு ஆண்டே வால்மார்ட் கடைகளில் விற்க முன்வந்த டெல், அதுவரை தவிர்த்துவந்த கடைக்காரர் பங்கை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

‘இலாப விளிம்பு’ என்பது நேர்பெயர்ப்பாக இருந்தாலும், தமிழில் விளிம்பு என்றதும் விழப்போகும் நிலைதான் நினைவுக்கு வருகிறது. ‘ஊதியம்’ என்ற பழைய சொல்லைத் திருக்குறள் (461) ஆதாயம் என்ற பொருளிலேயே ஆள்கிறது. இன்று அது சம்பளமாகிவிட்டதால் மீட்பது கடினம். கடைத்தெருவில் ‘ஒரு பெட்டிக்கு என்ன நிற்கும்?’ என்று கேட்பார்கள். பேச்சுக்கு அதைவிடத் துல்லியமான சொல் இல்லை. எழுத்தில், தொகையைக் குறிக்க ‘எஞ்சும் இலாபம்’ என்றும், விழுக்காட்டைக் குறிக்க ‘இலாப விகிதம்’ என்றும் எழுதலாம். உற்பத்திச் செலவை மட்டும் கழித்தால் அது மொத்த இலாப விகிதம். விளம்பரம், சம்பளம், வட்டி, வரி எல்லாம் போக நிற்பது நிகர இலாப விகிதம்.