‘டோர் லாக்ட்’ என்று திரும்பிய தபாலை ஏழு நாளுக்குள் பிடிப்பது எப்படி?

வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் பகலில் கதவு பூட்டித்தான் இருக்கும். துறைமுகத்துக்கும் மணலி கம்பெனிகளுக்கும் ஷிப்ட் போகிறவர்கள் நிறைந்த வட சென்னையின் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூரில் இது யாருக்கும் புதிய செய்தி இல்லை. ஆனாலும் விதி எல்லா ஊருக்கும் ஒன்றுதான். போஸ்ட்மேன் வந்த நேரத்தில் ஆள் இல்லையென்றால் தபால் அலுவலகத்துக்குத் திரும்பும், அங்கே ஏழு நாள் இருக்கும், அதன்பின் அனுப்பியவருக்கே போய்விடும். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கிற ஸ்பீட் போஸ்ட், பார்சல் இரண்டுக்கும் இந்தக் கணக்குத்தான். பழைய பதிவுத் தபாலை 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள்.

ஏழு நாள் என்றால் தாராளம் என்று தோன்றும். ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை, உங்கள் ஷிப்ட் எல்லாம் கழித்துப் பாருங்கள், இரண்டு மூன்று நாள்தான் மிஞ்சும். ‘நாளைக்கு மறுபடியும் வருவார்’ என்று காத்திருந்து தபாலைத் தொலைத்தவர்கள்தான் அதிகம். வரலாம், வராமலும் போகலாம். நீங்களே போய் வாங்கிக்கொள்வதுதான் உறுதியான வழி.

கதவில் ஒட்டிய சீட்டுக்காகவும் காத்திருக்க வேண்டாம். ஆள் இல்லையென்றால் அறிவிப்புச் சீட்டு வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பது முறை. பத்துக் குடித்தனம் இருக்கிற வீட்டில் அந்தச் சீட்டு மீட்டர் பெட்டி மேல் கிடக்கும், வாரியக் குடியிருப்பில் மாடிப்படியில் பறக்கும், பல நாள் எழுதப்படவே இல்லாமலும் இருக்கும். உங்களுக்கு வேண்டியது சீட்டு இல்லை, டிராக்கிங் எண். மொத்தம் 13 இடம்: முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, பிறகு ஒன்பது இலக்கம், கடைசியில் ‘ஐ, என்’ என்ற இரண்டு எழுத்து. அனுப்பியவரின் ரசீதில் அது இருக்கும். வங்கி, பாஸ்போர்ட் அலுவலகம், போக்குவரத்துத் துறை அனுப்பியது என்றால் உங்கள் செல்போனுக்கு வந்த குறுஞ்செய்தியில் தேடுங்கள். அந்த எண்ணை இந்தியா போஸ்ட் இணையதளத்தில் போட்டால் தபால் கடைசியாக எந்த அலுவலகத்தில் இருக்கிறது, ஏன் கொடுக்கப்படவில்லை என்பது தெரியும்.

அந்தக் காரணத்தைக் கவனமாகப் படியுங்கள், இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘டோர் லாக்ட்’ என்று இருந்தால் ஏழு நாள் உண்டு. ‘அட்ரஸி லெஃப்ட்’ (வீடு காலி செய்துவிட்டார்), ‘இன்சஃபிஷியன்ட் அட்ரஸ்’ (முகவரி போதவில்லை), ‘ரெஃப்யூஸ்ட்’ (வாங்க மறுத்துவிட்டார்) என்று இருந்தால் ஏழு நாள் என்ற பேச்சே இல்லை, தபால் உடனே திரும்பும் வழியில் ஏறிவிடும். வருஷக்கணக்காக அதே வீட்டில் குடியிருப்பவருக்கு ‘லெஃப்ட்’ என்று போட்டிருந்தால் அன்றைக்கே ஓட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் ‘அவங்க இல்லீங்க’ என்று சொன்ன ஒரு வார்த்தை இப்படிப் பதிவாவது உண்டு.

அடுத்தது, எந்த அலுவலகத்துக்குப் போவது? வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற தபால் அலுவலகம் நாம் அனுப்பும் தபாலைப் பெற்றுக்கொள்ள மட்டும் செய்யலாம், டெலிவரி அங்கே இல்லாமல் இருக்கலாம். அப்படிப்பட்ட துணை அலுவலகங்கள் நிறைய. சில பகுதிகளில் டெலிவரியை மட்டும் பிரித்துத் தனி மையங்களுக்கு மாற்றியும் விட்டார்கள். அதனால் டிராக்கிங்கின் கடைசி வரியில் எந்தப் பெயர் இருக்கிறதோ அந்த இடத்துக்கு மட்டும் போங்கள். ‘பெரிய ஆபீஸ்ல கேளுங்க’ என்று யாராவது பாரிமுனைக்கு அனுப்பினால் போகாதீர்கள். ராஜாஜி சாலை ஜி.பி.ஓ. (தலைமைத் தபால் அலுவலகம்) டெலிவரி செய்வது 600001 முகவரிகளுக்கு. கொடுங்கையூர்க்காரருக்கு அங்கே ஒன்றும் இல்லை, பஸ் செலவுதான் மிச்சம்.

பின்கோடு தப்பாக இருந்தால் தபால் உங்கள் பகுதிக்கே வந்திருக்காது. வண்ணாரப்பேட்டை என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். பழைய வண்ணாரப்பேட்டை 600021, புது வண்ணாரப்பேட்டை 600081. புளியந்தோப்பு 600012, அதை ஒட்டிய வியாசர்பாடி 600039. எண்ணூர் 600057, திருவொற்றியூர் 600019. ஆதாரில் ஒரு இலக்கம் மாறியிருந்தால் அதிலிருந்து எடுத்து அச்சடித்த எல்லா உறையிலும் அதே தப்புதான் ஏறியிருக்கும்.

போகிற நேரமும் முக்கியம். காலையில் தபால்களைப் பிரித்து பீட் (ஒரு போஸ்ட்மேன் சுற்றுகிற தெருக்கள்) வாரியாகக் கொடுத்த பிறகு போஸ்ட்மேன் வெளியே கிளம்பிவிடுவார், மத்தியானத்துக்கு மேல்தான் திரும்புவார். நடுவில் போனால் ‘போஸ்ட்மேன் பையில இருக்கு, நாளைக்கு வாங்க’ என்ற பதில் கிடைக்கும், அது உண்மையாகவும் இருக்கும். காலையில் அவர் கிளம்புவதற்கு முன்பே போய்விடுங்கள். உங்கள் தெரு எந்த பீட், யார் போஸ்ட்மேன் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் டிராக்கிங் எண்ணைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள், செல்போன் திரையை நீட்டுவதைவிட அதுதான் வேலை செய்யும். ஆதார் அல்லது வாக்காளர் அட்டை அசல் வேண்டும். உறையில் இருக்கும் பெயரும் அட்டையில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். உறையில் ‘கே. செல்வி’, ஆதாரில் ‘செல்வி முருகன்’ என்று இருந்தால் கவுன்டரில் இழுப்பார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறிய பெண்கள்தான் இதில் அதிகம் அலைகிறார்கள். இரண்டு பெயரையும் இணைக்கிற இன்னொரு ஆவணம், ரேஷன் கார்டோ வங்கிப் பாஸ்புக்கோ, சேர்த்து எடுத்துப் போனால் வாதமே வராது. நீங்கள் போக முடியாவிட்டால் வெள்ளைத் தாளில் அதிகாரக் கடிதம் எழுதுங்கள்: தபால் எண், வாங்கப் போகிறவர் பெயர், உங்கள் கையெழுத்து, உங்கள் அட்டையின் நகல். போகிறவர் தன் அசல் அட்டையோடு போக வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு மட்டும் இது செல்லாது, விண்ணப்பித்தவர் கையிலேதான் கொடுப்பார்கள்.

‘சீட்டு இல்லாம தர முடியாது’ என்றால் எண்ணும் அட்டையும் இருக்கிறது, தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். ‘சிஸ்டம் டவுன்’ என்றால் போஸ்ட்மாஸ்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். ‘இங்க வரலையே’ என்றால் திரையில் வந்ததாகப் பதிவாகியிருக்கும் தேதியைக் காட்டுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், நகரவும் வேண்டாம். கொடுக்க முடியாது என்றால் அதை எழுத்தில் கேளுங்கள், அல்லது இந்த எண்ணுள்ள தபாலை என்னிடம் கொடுங்கள் என்று நீங்களே எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்னபோது காணாமல் போயிருந்த தபால், முத்திரை கேட்டதும் அலமாரியில் கிடைப்பது வழக்கம்தான்.

திரையில் ‘டெலிவர்ட்’ என்று இருக்கிறது, உங்கள் கைக்கு வரவில்லை என்றால் அது வேறு விவகாரம். முதலில் வீட்டுக்காரம்மா, கீழ்வீடு, முனைக் கடை எல்லோரிடமும் கேட்டுவிடுங்கள். பிறகு டெலிவரிப் பதிவில் யார் கையெழுத்து இருக்கிறது என்று அலுவலகத்தில் கேளுங்கள். காட்ட மறுத்தால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு போடலாம், 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் தரவில்லை’ என்று அதில் கேட்காதீர்கள், பதில் வராது. ‘இந்த எண்ணுள்ள தபாலின் டெலிவரிப் பதிவின் நகல் வேண்டும்’ என்று மட்டும் கேளுங்கள்.

புகாருக்கு 1800 266 6868 என்ற இலவச எண் இருக்கிறது, இணையதளத்திலும் பதியலாம். புகார் எண் வாங்காமல் போனை வைக்காதீர்கள். ‘உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது’ என்று மூடிவிட்டால், மத்திய அரசின் பொதுக் குறைதீர்ப்பு இணையதளமான சி.பி.கிராம்ஸில் அதே எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி போடுங்கள். நஷ்டஈட்டை நம்பி எதையும் அனுப்பாதீர்கள். ஸ்பீட் போஸ்ட் தொலைந்தால் கட்டிய கட்டணத்தின் இரண்டு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான். அதுவும் அனுப்பியவருக்குத்தான், உங்களுக்கு இல்லை.

திரும்பிப் போய்விட்டது என்றால் அனுப்பியவர் யார் என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் ஓட்டுநர் உரிமமும் ஆர்.சி.யும் ஸ்பீட் போஸ்ட்டில்தான் வருகின்றன. திரும்பினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகும். டெலிவரி ஆகாததை நேரில் கையில் வாங்கிவிடலாம் என்று லீவு போட்டுக் கிளம்பாதீர்கள். முகவரியைச் சரிசெய்து மறுபடியும் தபாலில்தான் வரவழைக்க வேண்டும். பாஸ்போர்ட் திரும்பினால் அண்ணா சாலை ராயலா டவர்ஸில் இருக்கும் மண்டல அலுவலகத்தைக் கேட்க வேண்டும், நீங்கள் கைரேகை வைத்த பாஸ்போர்ட் சேவா கேந்திராவை அல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. வக்கீல் நோட்டீஸ் வரும் என்று தெரிந்தவர்கள் வேண்டுமென்றே கதவைச் சாத்திக்கொள்கிறார்கள், ‘வாங்கவில்லையென்றால் செல்லாது’ என்று யாரோ சொன்னதை நம்பி. சரியான முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதம் சேர்ந்ததாகவே கருதப்படும் என்று 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், 27-ஆவது பிரிவு சொல்கிறது. செக் பவுன்ஸ் நோட்டீஸில் பணம் கட்ட இருப்பது 15 நாள். வாங்காமல் விட்டால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே அந்தக் காலக்கெடு ஓடிவிடும். வாங்குங்கள், படியுங்கள். வாங்கிக் கையெழுத்துப் போட்டதால் கடனை ஒப்புக்கொண்டதாக ஆகாது.

‘உங்கள் பார்சல் கிடங்குக்கு வந்துள்ளது, முகவரி முழுமையாக இல்லை, இரண்டு முறை முயன்றோம், இந்த இணைப்பில் சரிசெய்யவும்’ என்று குறுஞ்செய்தி வந்தால் அது திருட்டு. தபால் துறை அப்படி இணைப்பு அனுப்பி முகவரி கேட்பதில்லை. நிஜமாகவே பார்சலுக்குக் காத்திருக்கும் ஆள்தான் இதில் விழுகிறார், சின்னத் தொகைதானே என்று கார்டு எண்ணைப் போடுகிறார், கணக்கு காலியாகிறது. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். ஓ.டி.பி. டெலிவரியிலும் எச்சரிக்கை வேண்டும். அனுப்பியவர் அந்த வசதியை எடுத்திருந்தால் உங்கள் எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். அதை எதிரில் நிற்கிற போஸ்ட்மேனிடம், தபாலைப் பார்த்த பிறகு சொல்லுங்கள். போனில் கேட்கிறவர் யாராக இருந்தாலும் சொல்ல வேண்டாம்.

வாரியக் குடியிருப்புக்கு மாறியவர்கள் ஆதாரில் இன்னும் பழைய குடிசை முகவரியையே வைத்திருந்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது, தபால் இடித்துவிட்ட தெருவைத் தேடிக்கொண்டிருக்கும். பிளாக், மாடி, கதவு எண் மூன்றையும் எழுதி முதலில் ஆதாரை மாற்றுங்கள். தெருவில் இருப்பவர்கள் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுங்கள், போஸ்ட்மேன் பழைய எண்ணை வைத்துத்தான் தெருவை நினைவில் வைத்திருப்பார். பின்கோடுக்குக் கீழே இப்போது பயன்பாட்டில் இருக்கிற செல்போன் எண் கட்டாயம். ரீசார்ஜ் தீர்ந்து இரண்டு சிம் முன்பு வைத்திருந்த எண்ணை அல்ல.