பிடிக்காது என்று யார் முடிவு செய்தது?

இந்த வாரமும் ஒரு குழந்தை. இரண்டரை வயது. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்துக் கிடக்கிறது. ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.8, இந்த வயதில் 11-க்குக் குறையக் கூடாது. இரும்புச்சத்து போதாத ரத்தசோகை. என்ன சாப்பிடுகிறான் என்று அம்மாவைக் கேட்டால் பாட்டி முந்திக்கொள்கிறார்: "கீரை, பருப்பெல்லாம் இவனுக்குப் பிடிக்காதுங்க டாக்டர். பால்னா ஒரு லிட்டர்கூட குடிப்பான். டீயில பிஸ்கட்டைத் தொட்டுக் குடுத்தா போதும்."

மூன்று கரண்டி ஊட்டினீர்கள், முகத்தைச் சுளித்தான், அதோடு தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்!

பிறக்கும்போதே கூட வருகிற ருசி கொஞ்சம்தான். இனிப்பு வேண்டும், கசப்பு வேண்டாம், ஏறக்குறைய அவ்வளவே. மற்றதெல்லாம் தின்று தின்று பழகுவது. புதிதாக எது நாக்கில் பட்டாலும் குழந்தை முகம் சுளிக்கும். ஆறு மாதக் குழந்தை நாக்கால் வெளியே தள்ளினால், கெட்டியான உணவை உள்ளே தள்ள அதற்கு இன்னும் தெரியவில்லை என்று பொருள். ஒரு புதுக் காய் பிடித்துப்போக 8 முதல் 15 தடவைகூட ஆகலாம். அதுவரை யார் பொறுக்கிறீர்கள்?

நம்பாதவர்கள் சாயங்காலம் நம்ம சேலத்துத் தட்டுவடை செட் கடைப்பக்கம் போய்ப் பாருங்கள். வீட்டில் பீட்ரூட் என்றாலே ஓடும் பிள்ளை, இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், காரச் சட்னி எல்லாவற்றையும் சேர்த்து நொறுக்கும். கண்ணில் தண்ணீர் வழிய இன்னொரு செட் கேட்கும். அந்தப் பாட்டிக்கே காலையில் காப்பி இல்லாவிட்டால் வேலை ஓடாது. ஏற்காட்டுக்குக் காப்பிச் செடி வந்ததே 1820களில், காக்பர்ன் சேலம் கலெக்டராக இருந்தபோதுதான். அந்தக் கசப்புக்கு நாம் பழகவில்லையா? டீயும் பிஸ்கட்டும் அப்படித்தான், நீங்கள் பழக்கியது.

சரி, இனி செய்ய வேண்டியது. ஒரு வயதுவரை உப்பு, சர்க்கரை, தேன் கூடாது. அதற்குப் பிறகு பால் ஒரு நாளைக்கு அரை லிட்டர் போதும். டீ, காப்பி வேண்டவே வேண்டாம். இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. நல்ல பசி நேரத்தில், செல்போனைத் தூர வைத்துவிட்டு, மசித்த முருங்கைக்கீரை ஒரு கரண்டி கொடுங்கள். நீங்களும் அதையே சாப்பிடுங்கள். துப்பினால் திட்டாதீர்கள், வாயில் திணிக்காதீர்கள், இரண்டு நாள் விட்டு மறுபடியும் கொடுங்கள். தயவுசெய்து குழந்தையின் காதுபட "இவனுக்கு இது ஆகாது" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு வந்தால் கதை வேறு, உடனே கூட்டி வாருங்கள். விழுங்கவே திணறினாலும், எடை ஏறாவிட்டாலும் அப்படியே.

அப்புறம், இரும்புச்சத்து சிரப்பைப் பாலோடு கொடுக்காதீர்கள். சிரப் குடிக்கும்வரை மலம் கறுப்பாகப் போகும். மருந்தால்தான் அப்படி, அதற்காக ராத்திரி பதினொரு மணிக்கு போன் செய்ய வேண்டாம்.