புயல் எச்சரிக்கை: கூண்டு எண் கப்பலுக்கு, மாவட்ட அறிவிப்பு நமக்கு

வங்கக் கடலில் புயல் உருவானதும் ஊரெல்லாம் கேட்பது, "எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள்?" என்பதுதான். அந்த எண்ணை வைத்து வீட்டில் இருக்கலாமா, கிளம்பலாமா என்று தயவுசெய்து முடிவெடுக்காதீர்கள். 1 முதல் 11 வரையிலான கூண்டுகள் துறைமுகத்துக்கும் கப்பல்களுக்கும் ஆனவை. 5, 6, 7 மூன்றுமே 'அபாயம்' என்ற ஒரே நிலை. புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கடக்கும் என்பதில்தான் அவை வேறுபடுகின்றன. 'பெரும் அபாயம்' என்ற 8, 9, 10-ம் அப்படியே. 11 என்றால் எச்சரிக்கை மையத்துடன் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

மக்களுக்கும் நிர்வாகத்துக்குமான எச்சரிக்கையை இந்திய வானிலை ஆய்வுத் துறை நான்கு கட்டங்களாகத் தருகிறது. சுமார் 72 மணி நேரம் முன்பே வரும் முதல் அறிவிப்பு பெரும்பாலும் உயர் அதிகாரிகளுக்கு. கரையோரத்தில் வானிலை மோசமாவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பு மஞ்சள், 24 மணி நேரம் முன்பு ஆரஞ்சு. ஆரஞ்சு வந்தபின் எங்கே, எப்போது கரை கடக்கும் என்ற கணிப்பும் கிடைக்கும். முதியவர்களையும் கர்ப்பிணிகளையும் ஆடுமாடுகளையும் பகலிலேயே நகர்த்த வேண்டிய நேரம் அது.

கரை கடப்பதற்குக் குறைந்தது 12 மணி நேரம் முன்பு வரும் சிவப்பு அறிவிப்பை உள்மாவட்டத்துக்காரர்களும் கவனிக்க வேண்டும். 2018-ல் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா, கடலே தெரியாத ஊர்களிலும் தென்னைகளைச் சாய்த்துவிட்டுப் போனது. இன்னொன்று: நடுவில் காற்று சட்டென்று நின்றால் வெளியே வராதீர்கள். புயலின் கண் கடந்ததும் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். 2016 வர்தாவின்போது சென்னை இதைப் பார்த்தது.

மீனவர்களுக்கான அறிவிப்பு தனி. கரையில் இருப்பவர்களைக் கடலுக்குப் போகாமல் தடுக்க அது போதும். ஏற்கெனவே போனவர்கள்தான் கவலை. 2017-ல் ஒக்கி வந்தபோது, பல நாள் கடலிலேயே தங்கித் தொழில் செய்யும் குமரி மாவட்டப் படகுகள் பலவற்றுக்குச் செய்தி எட்டவேயில்லை. அப்படிப் படகு வெளியே இருந்தால், எந்தத் திசையில், எத்தனை பேர் என்பதை வீட்டார் உடனே மீன்வளத் துறையிடம் சொல்லிவிட வேண்டும்.

2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி, வெளியேறச் சொல்லும் அதிகாரம் மாவட்ட நிர்வாகத்துக்கு உண்டு. தகுந்த காரணமின்றி மறுப்பது பிரிவு 51-ன்படி குற்றம். ஆனால், தயங்குபவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று தள்ளிவிடுவது அநியாயம். பூட்டிய வீடு, கட்டிப்போட்ட மாடு, முகாமில் பெண்களுக்குக் கழிப்பறை இருக்குமா என்ற பயம் எல்லாமே நியாயமான காரணங்கள். அதனால்தான் பிரிவு 12 தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதார வசதி ஆகியவற்றை நிவாரணத்தின் குறைந்தபட்சத் தரத்துக்குள் வைக்கிறது. பிரிவு 61 இன்னும் முக்கியம்: நிவாரணத்தில் சாதி, மதம், பால் பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது. எந்தத் தெருவிலிருந்து வந்தவரானாலும் அதே கூரை, அதே பந்தி. இதில் குறை இருந்தால், தமிழ்நாட்டில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070 என்ற எண்களில் அழைத்து, முகாமின் பெயரோடு புகாரைப் பதிவு செய்யுங்கள்.