எஸ்.எஸ்.டி. ‘திட நிலை இயக்கி’ ஆகுமா?

சேலம் ஐந்து ரோடு, புதிய பேருந்து நிலையப் பகுதிகளில் மடிக்கணினி விற்போர் தரும் தமிழ்த் துண்டறிக்கைகளில் ‘512 ஜி.பி. திட நிலை இயக்கி’ என்னும் தொடர் ஓயாமல் கண்ணில் படுகிறது. கணினியின் கோப்புகளைச் சேமித்துவைக்கும் அந்தச் சாதனத்தைக் கடைக்குள் விற்பவரும் வாங்குபவரும் ‘எஸ்.எஸ்.டி.’ (சாலிட் ஸ்டேட் டிரைவ்) என்றே பேசிக்கொள்கிறார்கள். துண்டறிக்கைக்கென்றே பிறந்த இத்தொடரோ, தெரியாதவருக்கு விளக்குவதற்குப் பதிலாகக் குழப்புகிறது.

வெற்றிடக் குழாய்களுக்கு மாற்றாக 1947-இல் டிரான்சிஸ்டர் தோன்றியபின், மின்னோட்டத்தைக் குறைகடத்தித் திண்மத்துக்குள்ளேயே கட்டுப்படுத்தும் மின்னணுவியலுக்கு ‘சாலிட் ஸ்டேட்’ என்ற பெயர் பரவியது. ‘டிரைவ்’ என்பது தட்டையோ நாடாவையோ சுழற்றும் பொறி, 1956-இல் ஐ.பி.எம். வெளியிட்ட ராமாக் கணினியின் சேமிப்புப் பொறியில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் மெய்யாகவே சுழன்றன. எஸ்.எஸ்.டி.யில் இருப்பவை மின்சாரம் நின்றாலும் தரவை இழக்காத ஃபிளாஷ் சில்லுகள்; சுழல்வதற்கு அதில் எதுவுமில்லை. ஆங்கிலம் பழைய பெயரைப் பழக்கத்தால் சுமக்கிறது. அச்சுமை தமிழுக்கு எதற்கு?

‘திட நிலை’ என்றதும் தமிழ் படித்தவர் மனத்தில் திரவமும் வாயுவும் வந்து நிற்கும். தட்டு சுழலும் பழைய வகைச் சேமிப்புச் சாதனமான வன்தட்டின் (ஹார்டு டிஸ்க்) அலுமினியத் தட்டு மட்டும் திரவமா? வேறுபாட்டைக் காட்டாத அடைமொழியால் என்ன பயன்? தனித்தமிழ் அன்பர் சிலர் ‘திட’ என்பதை ‘திண்ம’ என்று மாற்றி மனநிறைவு அடைகிறார்கள். வடசொல் நீங்கியதே தவிரப் பிழை நீங்கவில்லை.

‘இயக்கி’ அதைவிடத் தீங்கானது. வன்பொருளை இயக்க முறைமையோடு இணைக்கும் ‘டிரைவர்’ மென்பொருளுக்கு அச்சொல் ஏற்கெனவே வழங்குவதால், ‘இயக்கியைப் புதுப்பிக்கவும்’ என்ற திரைச் செய்தியைக் கண்டவர், காசில்லாமல் தரவிறக்கிக்கொள்ள வேண்டிய மென்பொருளுக்காகப் புதுச் சேமிப்புச் சாதனம் வாங்கக் கிளம்பினாலும் வியப்பில்லை. சேலத்தை அடுத்த நெசவூரான இளம்பிள்ளையில் தறியை ஓட்டும் மோட்டாரையும் நெய்த சேலையை அடுக்கிவைக்கும் அலமாரியையும் யாரும் ஒரே பெயரால் அழைப்பதில்லை.

என் தேர்வு ‘சில்லுச் சேமிப்பகம்’. உள்ளே இருப்பதையும் செய்யும் வேலையையும் அது சொல்லிவிடுகிறது. ‘சேமிப்பகம்’ நீளமென்பார் ‘நினைவகம்’ என்று சுருக்குவது கூடாது. அது, கணினி இயங்கும்போது மட்டும் தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் ரேமுக்குரிய பெயர். 8 ஜி.பி. ரேமும் 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி.யும் ஒரே அறிக்கையில் ‘நினைவகம்’ ஆனால், வாங்குபவர் எதை எதனோடு ஒப்பிடுவார்?

அகராதியைப் புரட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் பொருளையும் ஒருமுறை கழற்றிப் பார்க்கலாம். ‘எம்.2 வேகம்’ என்று ஓர் அறிக்கையில் கண்டேன். எம்.2 என்பது கணினிக்குள் செருகும் சிறு அட்டையின் வடிவம். அதில் 2280 என்றால் 22 மி.மீ. அகலம், 80 மி.மீ. நீளம். வேகத்தைத் தீர்மானிப்பது தரவைக் கடத்தும் முறை: அதே வடிவில் நொடிக்கு ஏறத்தாழ 550 எம்.பி. படிக்கும் சாட்டா என்ற பழைய முறை வகையும் உண்டு, 3,500 எம்.பி.யை எட்டும் என்.வி.எம்.இ. என்ற புதிய முறை வகையும் உண்டு. ஆகவே ‘512 ஜி.பி. சில்லுச் சேமிப்பகம் (எஸ்.எஸ்.டி.), என்.வி.எம்.இ. வகை, எம்.2 2280 வடிவம்’ என்று அச்சிட்டால், தம் மடிக்கணினிக்கு அது பொருந்துமா என்பதை வாங்குபவர் கடைக்காரரிடம் கேட்டுத் தெளியலாம்.