இரவு 10 மணிக்கு மேல் பைலிங் கூடாது: குடியிருப்புவாசிகளுக்குச் சட்டம் தரும் உரிமை

பக்கத்து மனையில் அடுக்குமாடிக் கட்டடத்துக்குக் கடைக்கால் வேலை தொடங்கினால், அந்தத் தெரு பல நாள் தூக்கத்தை இழக்கிறது. கனத்த சுத்தி விழுந்து கான்கிரீட் தூணை மண்ணுக்குள் இறக்கும் பைலிங் வேலையின் ஒவ்வொரு அடிக்கும் ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. தொட்டிலில் கிடக்கும் குழந்தை திடுக்கிட்டு விழிக்கிறது. கட்டுமானம் என்றால் சத்தம் இருக்கத்தான் செய்யும் என்று பலர் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். இரவு நேரத்தைப் பொறுத்தவரை அப்படிப் பொறுத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை.

சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகளைக் கொண்டுவந்தது. 2010-இல் அதில் சேர்க்கப்பட்ட 5ஏ விதியின் மூன்றாம் பிரிவு, ஒலி எழுப்பும் கட்டுமானக் கருவிகளைக் குடியிருப்புப் பகுதிகளிலும் அமைதி மண்டலங்களிலும் (மருத்துவமனை, பள்ளி போன்றவற்றைச் சுற்றி அறிவிக்கப்படும் பகுதிகள்) இரவு நேரத்தில் இயக்கக் கூடாது என்கிறது. இரவு நேரம் என்பது இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை. விதியின் வாசகத்தில் தனியார் வேலை, அரசு வேலை என்ற பாகுபாடு கிடையாது.

இந்த விதியின் பலம் பலருக்குத் தெரிவதில்லை. எத்தனை டெசிபல் என்று அளந்து காட்டினால்தான் புகாரை ஏற்பார்கள் என்று நினைத்துப் பின்வாங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இரவுத் தடைக்கு அளவுமானியே தேவையில்லை. புகார் பற்றிப் பேசும் 7-ஆம் விதி இரண்டு வழிகளைத் திறந்துவைத்திருக்கிறது. ஒலி வரம்பை 10 டெசிபலோ அதற்கு மேலோ மீறினால் புகார் செய்யலாம். இரவு நேரக் கட்டுப்பாட்டை மீறினாலும் புகார் செய்யலாம். இரண்டாவது வழியில், இரவு 11 மணிக்கு ரிக் (பைலிங் இயந்திரம்) ஓடியது என்பதே மீறல். நேரம் தெரியும்படி எடுத்த ஒரு வீடியோ, எழுதிவைத்த தேதிகள், அண்டை வீட்டார் நான்கு பேரின் கையெழுத்து ஆகியவை புகாருக்கு நல்ல அடித்தளம்.

இரவில் பிடிபடும் ஒப்பந்ததாரர் வழக்கமாகச் சொல்லும் காரணம் ஒன்று உண்டு: மண்ணில் துளையிட்டு அதற்குள்ளேயே தூணை வார்க்கும் பைலிங்கில், கான்கிரீட் ஊற்றத் தொடங்கினால் பாதியில் நிறுத்த முடியாது. தொழில்நுட்ப ரீதியில் அது உண்மைதான். நிறுத்தினால் தூண் பலவீனமாகும். ஆனால் எந்தத் துளையை எத்தனை மணிக்குத் தோண்டத் தொடங்குவது என்பது அவர் கையில் இருக்கிறது. பத்து மணிக்குள் முடியாத துளையை மாலையில் தொடங்கியது அவருடைய திட்டமிடலின் குறை. அதற்குத் தெருவின் தூக்கம் விலையாகக் கூடாது.

பகல் நேர விதி இவ்வளவு நேரடியானதாக இல்லை. குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55 டெசிபல், இரவில் 45. புகாருக்குத் தேவையான 10 டெசிபல் மீறலைச் சேர்த்தால், பகலில் 65-ஐத் தொட வேண்டும். சுத்தியால் அடித்து இறக்கும் பைலிங், 15 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 100 டெசிபல் உச்சத்தைத் தொடும். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் சுமார் 6 டெசிபல் குறையும் என்று கணக்கிட்டால், 60 மீட்டர் தள்ளியுள்ள வீட்டிலும் உச்சம் 88 வரை இருக்கும். சிக்கல் என்னவென்றால், வரம்பு உச்சத்துக்கு வைக்கப்படவில்லை, சராசரிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு அடிகளுக்கு இடைப்பட்ட அமைதியும் மதிய உணவு இடைவேளையும் அந்தச் சராசரியில் சேர்ந்து எண்ணை இறக்கிவிடும். சிங்கப்பூரில் வீடுகளிலிருந்து 150 மீட்டருக்குள் உள்ள கட்டுமானத் தளங்களுக்கு 12 மணி நேரச் சராசரியோடு 5 நிமிடச் சராசரிக்கும் தனி வரம்பு வைத்திருக்கிறார்கள். அங்கே ஞாயிறு மற்றும் பொது விடுமுறை நாள்களில் வேலைக்கே தடை உண்டு. நம் விதிகளுக்கும் அப்படி ஒரு திருத்தம் அவசியம் தேவை.

பகல் புகாருக்குக் கைபேசிச் செயலி காட்டும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நேரில் வந்து அளக்கும்படி எழுத்தில் கேளுங்கள். அருகில் மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இருந்தால் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலமாகலாம். அங்கே வரம்பு பகலில் 50, இரவில் 40. ஆனால் 2017-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மாநில அரசு குறிப்பாக அறிவித்த இடம் மட்டுமே அமைதி மண்டலம். அறிவிப்பு உண்டா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

புகாரை யாரிடம் கொடுப்பது? மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர் அல்லது இதற்கென நியமிக்கப்பட்ட, டிஎஸ்பி பதவிக்குக் குறையாத அதிகாரி ஆகியோரே விதியின்படி அதிகாரம் உள்ளவர்கள். சத்தம் நடக்கும்போதே 100-க்கு அழையுங்கள். மறுநாள் காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றதற்கான காவல் நிலையச் சான்று) வாங்கிக்கொள்ளுங்கள். அதன் நகலை இணைத்து மேற்சொன்ன அதிகாரிக்கு அனுப்புங்கள். 8-ஆம் விதியின்படி, ஒலி எழுப்பும் தொழிலையோ செயல்முறையையோ தடுத்தோ கட்டுப்படுத்தியோ அவர் எழுத்துமூலம் ஆணையிட முடியும். வருவாய்க் கோட்டாட்சியரிடம், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவின் கீழ் பொதுத்தொல்லையை அகற்றக் கோரவும் வழி இருக்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் இருந்த சிறைத் தண்டனையை 2023-இல் வந்த ஜன் விஸ்வாஸ் சட்டம் நீக்கி, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றிவிட்டது.

புகாருக்கு முன்போ, புகாரோடு சேர்த்தோ கட்டுநரிடம் ஒரு கேள்வியைக் கேளுங்கள்: ஏன் அடித்து இறக்குகிறீர்கள், துளையிட்டு வார்க்கக் கூடாதா? துளையிடும் ரிக்கின் ஒலி, சுத்தியடியைவிட 15 டெசிபலுக்கு மேல் குறைவாக இருக்கும். 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் கேட்கும். தூணை ஹைட்ராலிக் அழுத்தத்தால் இறக்கும் இயந்திரங்களும் உண்டு. மண் இடம்கொடுக்காமல் அடித்துத்தான் ஆக வேண்டும் என்றால், கொஞ்ச ஆழம் முன்துளை போட்டுவிட்டு அடிக்கலாம். சுத்திக்கும் தூணின் தலைக்கும் நடுவே தேயாத மெத்தைப் பலகை வைக்கலாம். சுத்தியைச் சுற்றிக் கூண்டு மாட்டலாம். மனையைச் சுற்றித் தகரம் அடித்திருக்கிறோம் என்ற பதிலை ஏற்காதீர்கள். சுத்தி தகரத்துக்கு மேலே உயரத்தில் அடிக்கிறது. மாடி வீட்டின் ஜன்னலிலிருந்து அது கண்ணுக்குத் தெரிந்தால், ஒலிக்கும் நேர்வழி இருக்கிறது என்று பொருள்.

அதிர்வு இந்த ஒலி விதிகளுக்குள் வராது. ஆகவே வேலை தொடங்கும் முன்பே உங்கள் வீட்டுச் சுவர்கள், தளம், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைத் தேதியோடு படமெடுத்து வையுங்கள். புதிதாக விரிசல் விழுந்தால் அந்தப் படங்கள் இல்லாமல் இழப்பீடு கேட்பது மிகக் கடினம்.

ஒலிப் புகார்களுக்குப் பிறகும் எதுவும் நடக்கவில்லை என்றால், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னையில் உள்ள தென்மண்டல அமர்வை அணுகலாம். பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் போக வேண்டும்; தக்க காரணம் இருந்தால் தீர்ப்பாயம் மேலும் 60 நாள் வரை அனுமதிக்கலாம். முதல் இரவில் எடுத்த வீடியோவையும் முதல் சிஎஸ்ஆர் ரசீதையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.