கேர் ஹோமில் தீ: இரண்டரை நிமிடக் கணக்கை ராத்திரியில் போட்டுப் பாருங்கள்

இங்கிலாந்தில் அம்மாவையோ அப்பாவையோ கேர் ஹோமில் சேர்த்திருப்பவர்களுக்கும், அங்கே நைட் ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும் இது. 2005ஆம் ஆண்டு தீ பாதுகாப்பு ஆணைப்படி, பொறுப்பு இல்லத்தை நடத்துபவருடையது. தீப்பிடித்த பகுதியில் இருப்பவர்களை ஃபயர் டோரை (தீயும் புகையும் பரவாமல் தடுக்கும் கதவு) தாண்டி அடுத்த பகுதிக்கு நகர்த்திவிட பொதுவாக எடுத்துக்கொள்ளும் அளவு இரண்டரை நிமிடம். தெருவுக்குக் கொண்டுவர அல்ல.

"எங்கள் ஃபயர் டிரில் இரண்டு நிமிடத்தில் முடிந்தது" என்று இல்லத்தில் காகிதத்தை நீட்டுவார்கள். எத்தனை மணிக்கு நடந்தது என்று கேளுங்கள். நான் பார்த்த ஓர் இல்லத்தில் பகல் 11 மணி. பெரியவர்களுக்குப் பதிலாக ஊழியர்களே நடந்து போய்க் காட்டினார்கள்! ராத்திரியில் அந்தப் பகுதிக்கு வரக்கூடியவர்கள் இரண்டு பேர். படுக்கையோடு கிடப்பவர்கள் ஆறு பேர், ஒருவரை நகர்த்த இருவரும் வேண்டும், ஒரு நிமிடம் ஆகும் என்று வையுங்கள். ஆறு நிமிடம். தீயணைப்பு வண்டி வந்து தூக்கிவிடும் என்று இதில் கழிக்கக் கூடாது. அவர்கள் வருவதற்கு முன்பே இல்லம் தன் ஆட்களை வைத்து முடிக்க வேண்டிய வேலை இது.

ஸ்காட்லாந்தின் ரோஸ்பார்க் இல்லத்தில் 2004 ஜனவரி 31 விடியற்காலை பிடித்த தீயால் 14 பேர் இறந்தார்கள். தீ ஓர் அலமாரி அறையில்தான் தொடங்கியது. படுக்கையறைக் கதவுகள் பல திறந்து கிடந்தன. அலாரம் அடித்ததும் தீயணைப்புத் துறையை அழைக்காமல், எங்கே என்று தேடப் போனார்கள். நிமிடங்கள் அங்கேதான் போயின.

"இரண்டரை நிமிடம் என்பது வழிகாட்டுதல்தானே, சட்டம் இல்லையே" என்பார்கள். சரி, தடுப்புச் சுவரும் கதவும் நன்றாக இருந்தால் கூடுதல் நேரம் எடுக்கலாம்தான். அப்படியானால் நீங்கள் வைத்த நேரம் எவ்வளவு, எங்கே எழுதியிருக்கிறது? 2023 அக்டோபர் 1 முதல் தீ அபாய மதிப்பீட்டை முழுதாக எழுதி வைப்பது கட்டாயம்.

அப்புறம் அலைக்கழிப்பு. மேனேஜர் "சி.க்யூ.சி நல்ல ரேட்டிங் கொடுத்திருக்கிறது" என்பார் (கேர் ஹோம்களைச் சோதித்து ரேட்டிங் கொடுக்கும் அமைப்பு அது). சி.க்யூ.சியைக் கேட்டால் தீயணைப்புத் துறையைக் கேள் என்பார்கள். கவுன்சில் இரண்டு பக்கமும் கை காட்டும். தீ விதியை அமல்படுத்துவது உள்ளூர் தீயணைப்புத் துறை. அதன் தீ பாதுகாப்புப் பிரிவுக்கு நேராக ஈமெயில் போடுங்கள். போனில் பேசினால் அடையாளமே இருக்காது.

முழு மதிப்பீட்டைத் தர மறுத்தாலும், உங்கள் அம்மாவை யார், எதில், எந்தப் பக்கமாக நகர்த்துவார்கள் என்ற தனிநபர் வெளியேற்றத் திட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். அவர் போன வருடம் நடந்தார், இப்போது நடப்பதில்லை என்றால் அதில் இருக்கும் தேதியைப் பாருங்கள். அப்படியே அறைக் கதவு மூடாமல் இருக்க அடியில் கட்டை செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.