கம்பியில்லா ஸ்பீக்கருக்கும் ஒரு கம்பி வேண்டும்

போன மாதம் மொரீஷியஸின் காத்ர் போர்ன் நகரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சாப்பாட்டு மேசைமேல் ஆறு ஸ்பீக்கர்களை வரிசையாக வைத்துவிட்டு எனக்காகக் காத்திருந்தார். பிரான்சில் இருக்கும் மூத்த மகன் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தவை மூன்று, இங்கே கடையில் வாங்கியவை மூன்று. அவருடைய ஆசை பெரிதல்ல. காலையில் பூசையறையில் தேவாரம் ஒலிக்கும்போது அது அடுக்களையிலும், முன்பக்கத்து வராந்தாவிலும், மாடியில் இளைய மகன் குடியிருக்கும் பகுதியிலும் ஒரே நேரத்தில் கேட்க வேண்டும்.

"தம்பி, பெட்டியிலே கம்பி வேண்டாம் என்றுதானே எழுதியிருக்கிறது? பிறகு ஏன் இந்தக் கதவைத் தாண்டினால் பாட்டு அறுந்து அறுந்து வருகிறது?" என்று கேட்டார்.

மொரீஷியஸில் வீடுகளுக்கு இணைய வலையும் ஒலி அமைப்பும் போட்டுக் கொடுப்பது என் தொழில். இந்தக் கேள்வியை மாதத்துக்கு நான்கைந்து முறையாவது கேட்கிறேன். கேட்பவர்கள் எல்லோரும் ஏற்கெனவே பணத்தைச் செலவழித்தவர்கள். அதுதான் என்னை வருத்துகிறது. வாங்குவதற்கு முன் யாராவது அவர்களிடம் சுவரைப் பற்றிப் பேசியிருந்தால் அந்தப் பணத்தில் பாதி மிஞ்சியிருக்கும்.

நம் வீடுகள் ஏன் இப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். 1960 ஜனவரியில் ஆலிக்ஸ், பிப்ரவரி கடைசியில் கரோல் என்று இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வந்து, மரத்தாலும் தகரத்தாலும் வைக்கோலாலும் கட்டிய வீடுகளை அள்ளிக்கொண்டு போயின. அதற்குப் பிறகு இந்தத் தீவு கான்கிரீட்டை நம்பத் தொடங்கியது. சிமெண்ட் கல் சுவர், மேலே தட்டையான கான்கிரீட் தளம். அந்தத் தளத்தை இங்கே எல்லோரும் 'தால்' என்கிறோம். பிள்ளைக்குத் திருமணம் நிச்சயமானதும் தாலுக்கு மேல் இன்னொரு மாடி. நம்மைப் புயலிலிருந்து காப்பாற்றுகிற அதே தால்தான் வானொலி அலையை மேலே போகவிடாமல் தடுக்கிறது. கான்கிரீட் அலையை விழுங்குகிறது, அதற்குள் பின்னியிருக்கும் இரும்புக் கம்பிவலை மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. கியூர்பிப், வாக்வா பக்கம் மழையில் ஊறி நிற்கும் சுவர்களில் நிலைமை இன்னும் மோசம்.

புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கிறது. கைப்பேசி, சிறு ஸ்பீக்கர் போன்றவற்றுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை பத்து மீட்டர். அது திறந்த வெளிக் கணக்கு. நடுவே ஒரு சிமெண்ட் கல் சுவர் வந்தால் அந்தப் பத்து மீட்டரை மறந்துவிடலாம். போதாக்குறைக்கு வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இருக்கின்றன. ஆசிரியர் வீட்டில் அடுக்களை ஸ்பீக்கர் காலையில் மட்டும் திக்கியதற்குக் காரணம், அம்மா பால் சூடாக்கும் மைக்ரோவேவுக்கு ஒரு கை தூரத்தில் அதை வைத்திருந்ததுதான்.

இன்னொரு குறையை அவரே கவனித்திருந்தார். இரண்டு ஸ்பீக்கர்களை எப்படியோ ஒரே கைப்பேசியில் இணைத்துவிட்டார். இரண்டும் பாடின, ஆனால் ஒன்று முந்தியது, மற்றொன்று பிந்தியது. புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பி விரித்தெடுக்கும்போது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு வரை தாமதம் ஏற்படுவது சாதாரணம். அந்தத் தாமதம் ஒவ்வொரு தயாரிப்புக்கும் வேறுபடும். காற்றில் ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. அப்படியென்றால் நொடியில் பத்திலொரு பங்கு பிந்துவது, அந்த ஸ்பீக்கரை 34 மீட்டர் தள்ளி, அதாவது அடுத்த தெருவில், வைத்ததற்குச் சமம். காது அதை எதிரொலியாகவே எடுத்துக்கொள்ளும். வெவ்வேறு நிறுவனங்களின் ஸ்பீக்கர்களைப் புளூடூத்தில் சேர்த்து வீடு முழுவதும் ஒரே பாட்டைக் கேட்க முயல வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

வீடு முழுவதும் ஒரே பாட்டு வேண்டுமென்றால் வைஃபையில் இயங்கும் ஸ்பீக்கர்களே சரி. அங்கே பெரும்பாலும் கைப்பேசி பாட்டைத் தூக்கிக்கொண்டு அலைவதில்லை. ஸ்பீக்கர்கள் வீட்டு வலையிலிருந்து ஒலியை முன்கூட்டியே வாங்கிச் சேமித்து, தங்களுக்குள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொண்டு, ஒரே கணத்தில் ஒலிக்கின்றன. ஏர்ப்ளே 2, கூகுள் காஸ்ட், சோனோஸ் போன்ற அமைப்புகள் ஒவ்வொன்றும் தன் தன் வழியில் செய்வது இதைத்தான். ஒரு வீட்டுக்கு இவற்றில் ஒரே ஓர் அமைப்பைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். அடுக்களைக்கு ஒன்று, வராந்தாவுக்கு வேறொன்று என்று கலந்தால் அவை ஒன்றோடொன்று பேசமாட்டா. வாங்கும்போது பின்பக்கத்தில் 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். நிறுவனம் ஒருநாள் தன் செயலியைக் கைவிட்டாலும் ஒரு சாதாரணக் கம்பியைச் செருகிப் பாட்டுக் கேட்கலாம்.

ஆனால் வைஃபையும் அதே தாலைத்தான் கடக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான வீடுகள் தடுமாறுகின்றன. ஃபைபர் கேபிள் தெருவிலிருந்து வருவதால், கேட்டை ஒட்டிய முன்னறை மூலையில், தொலைக்காட்சிக்குப் பின்னால் ரூட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். வீட்டின் ஒரு கோடியில் உட்கார்ந்துகொண்டு அது மறுகோடிக்கும் மாடிக்கும் கூவ வேண்டியிருக்கிறது. அதன் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சீக்கிரம் சோர்ந்துவிடும். 2.4 சற்று தூரம் போகும், ஆனால் அண்டை வீட்டு ரூட்டர்கள் எல்லாம் அங்கேயே நெரிசலாக நிற்கின்றன.

மாடிக்கு வலை போகவில்லை என்றதும் பலர் செய்வது, கடையிலிருந்து ஒரு சிறு ரிப்பீட்டரை வாங்கிப் படிக்கட்டருகே செருகுவது. பலவீனமாக வந்த அலையையே அது மறுபடி சொல்கிறது, அதுவும் பாதி வேகத்தில். செய்தி படிக்கப் போதும், நான்கு ஸ்பீக்கர்கள் சேர்ந்து பாடப் போதாது. மின்கம்பி வழியாகவே இணையத்தை அனுப்பும் பவர்லைன் கருவியையும் சிலர் வாங்குகிறார்கள். நம் மாடிகளில் அதற்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கீழே பெற்றோருக்கு ஒரு மின் மீட்டர், மேலே மகனுக்கு வேறொரு மீட்டர். இரண்டு மீட்டர்களைக் கடந்து அந்தச் சமிக்ஞை ஒழுங்காகப் போவது அரிது. ஒரு வாடிக்கையாளர் அதை வாங்கி மூன்று மாதம் போராடிய பிறகுதான் என்னை அழைத்தார்.

நான் ஆசிரியர் வீட்டில் செய்தது எளிமையான காரியம். ரூட்டரிலிருந்து கேட்-6 எனப்படும் இணையக் கம்பி ஒன்றை வெளிச்சுவர் வழியாக, வெயில் தாங்கும் குழாய்க்குள் விட்டு, மாடிக்கு ஏற்றினேன். அங்கே கூரையடியில் ஓர் அணுகல் புள்ளியை, அதாவது கம்பியில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் கருவியை, மாட்டினேன். கீழே நடுக்கூடத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே வலைப் பெயர், ஒரே கடவுச்சொல். அவ்வளவுதான். "கம்பியில்லாத சாமானுக்குக் கம்பி இழுக்கிறீர்களே!" என்று அவர் சிரித்தார். அந்த ஒரு கம்பி இருப்பதால்தான் மற்ற இடங்களிலெல்லாம் கம்பி வேண்டியதில்லை என்றேன்.

இந்த வேலையை நீங்களே செய்கிறவராக இருந்தால், என்னைப் போன்றவர்களை அடிக்கடி அழைக்கவைக்கும் பிழை ஒன்று இருக்கிறது, அதைக் கவனியுங்கள். பழைய ரூட்டர் ஒன்று வீட்டில் கிடக்கும், அதை மாடியில் இணைத்துவிடுவீர்கள். இணையமும் வரும். ஆனால் அது தன் பங்குக்குத் தனியாகக் கருவிகளுக்கு வலை முகவரிகளை வழங்கத் தொடங்கும். அப்போது மாடி ஸ்பீக்கர் ஒரு வலையிலும் கீழே உள்ள கைப்பேசி வேறொரு வலையிலும் இருக்கும், ஒன்றின் கண்ணுக்கு மற்றொன்று தெரியாது. இரண்டாவது ரூட்டரை அணுகல் புள்ளியாக மாற்றி, அதன் முகவரி வழங்கும் வேலையை நிறுத்துங்கள். விருந்தினருக்கான வலையில் ஸ்பீக்கரை இணைத்தாலும் இதே கதைதான், அந்த வலை கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தே வைக்கும். 2.4 அலைவரிசையில் 1, 6, 11 ஆகிய மூன்று தடங்களே (சேனல்களே) ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை. கீழே ஒன்று, மேலே இன்னொன்று என்று கொடுங்கள்.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது என்பதில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. பெரிய ஸ்பீக்கர் ஒன்றைக் கூடத்தில் வைத்து வீடு முழுவதும் கேட்கும்படி அலறவிடாதீர்கள். நம் கூடங்களில் தரை ஓடு, கூரை கான்கிரீட், சுவர் கான்கிரீட். ஒலி எங்கும் அடங்காமல் மோதித் திரும்புகிறது, பாடலின் சொற்கள் கலங்கிவிடுகின்றன. அறைக்கொரு சிறு ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலி, தரையில் ஒரு விரிப்பு, சன்னலில் கனமான திரை. தேவாரத்தின் ஒவ்வொரு சொல்லும் தனியாகக் காதில் விழும். மதிலுக்கு அப்பால் இருக்கிறவர்களின் காலைத் தூக்கமும் கெடாது.

ஹெட்ஃபோன் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்குக் கவலை அதிகம். மாலை ஏழரைச் செய்தியை அப்பா உரத்த ஒலியில் பார்க்கிறார், அடுத்த அறையில் பேத்தி தேர்வுக்குப் படிக்கிறாள். அவருக்கு ஒரு புளூடூத் ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுக்கிறார்கள். செய்தி வாசிப்பவரின் வாய் முன்னே போகிறது, குரல் பின்னே வருகிறது. இரண்டு நாளில் அவர் அதைக் கழற்றி வைத்துவிடுகிறார். தொலைக்காட்சிக்கென்றே தனி அனுப்புக் கருவியோடு வரும் ஹெட்ஃபோன்கள் இருக்கின்றன. அந்தத் தாமதம் அவற்றில் உணரும் அளவுக்கு இருக்காது. தொலைக்காட்சியின் ஆப்டிகல் துளையில் அந்தக் கருவியைச் செருகிய பிறகும் ஒலி வரவில்லையென்றால் பதற வேண்டாம். தொலைக்காட்சி அமைப்புகளில் ஒலி வெளியீட்டை பிசிஎம் (சுருக்கப்படாத ஒலி) என்று மாற்றுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

ஆனால் அப்பா ஒலியை ஏன் கூட்டுகிறார் என்பதைக் கேட்காமல் ஹெட்ஃபோனை மாட்டிவிடக் கூடாது. "சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறார்கள் என்றுதான் புரியவில்லை" என்று அவர் சொன்னால், முதலில் காது மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். நான் ஒலிக் கருவி விற்கிறவன்தான், ஆனாலும் அந்த வீட்டில் அன்று எதையும் விற்கமாட்டேன்.

பிள்ளைகளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. உலக சுகாதார அமைப்பும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட நெறிமுறைப்படி, பெரியவர்களுக்கு 80 டெசிபெல் ஒலியில் வாரத்துக்கு 40 மணி நேரம் எல்லை. குழந்தைகளுக்கு 75 டெசிபெல்லில் அதே 40 மணி. ஒலி மூன்று டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகக் குறைகிறது. பெரியவர்களுக்கு 83இல் 20 மணி, 86இல் 10 மணி, 89இல் வெறும் 5 மணி. மூன்று டெசிபெல் வித்தியாசம் காதுக்கு அவ்வளவாகத் தெரியாது என்பதுதான் ஆபத்து. பஸ்ஸில் போர்ட் லூயிஸுக்குப் போகும் மாணவர்கள் இஞ்சின் இரைச்சலை அமுக்குவதற்காக ஒலியை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். இரைச்சலைத் தணிக்கும் வகை ஹெட்ஃபோன் அவர்களுக்கு ஆடம்பரமல்ல, அது இருந்தால் குறைந்த ஒலியிலேயே கேட்கலாம். கைப்பேசியிலேயே ஒலி உச்சவரம்பு வைக்கும் வசதியும் இருக்கும். உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து இன்றே அதை வையுங்கள்.

புயல் காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். மின்சாரம் போனால் ரூட்டர் போய்விடும். ரூட்டர் போனால் வைஃபை ஸ்பீக்கர்களில் வானொலியும் இல்லை, செய்தியும் இல்லை. ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு சிறு யுபிஎஸ் வைத்தால் சில மணி நேரம் தாங்கலாம், அதற்கு மேல் நம்ப முடியாது. பேட்டரியில் ஓடும் சாதாரண எஃப்எம் ரேடியோ ஒன்றை வீட்டில் வைத்திருங்கள். நவம்பர் பிறந்ததும் பேட்டரியை மாற்றுங்கள். எச்சரிக்கை உயர்ந்ததும் ஸ்பீக்கர்களையும் தொலைக்காட்சியையும் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள், மின்சாரம் திரும்பி வரும் முதல் கணமும் கருவிகளைப் பழுதாக்கக்கூடும்.

ஆசிரியர் வீட்டில் வெளிச்சுவரில் குழாய் ஓடுவது எனக்கு இன்னும் உறுத்துகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் அவர் மாடி கட்டும்போது தாலுக்குள் ஒரு வெற்றுக் குழாயை விட்டிருந்தால் அது தேவைப்பட்டிருக்காது. தால் போடும் நாள் நம் ஊரில் ஒரு திருநாள் மாதிரி. உறவினரும் அண்டை வீட்டாரும் விடிகாலையில் வந்து கைகொடுக்கிறார்கள், பெண்கள் பெரிய அண்டாவில் சமைக்கிறார்கள், மாலைக்குள் தளம் முடிந்துவிடுகிறது. மறுநாள் அந்தக் கான்கிரீட்டில் ஒரு துளை போடக்கூட மனம் வராது. அதனால் மின்வேலைக்காரர் தன் குழாய்களைப் பதிக்கும்போதே, இணையத்துக்கென்று 25 மில்லிமீட்டர் குழாய் ஒன்றைத் தனியாகக் கேளுங்கள். மின்கம்பிகள் ஓடும் குழாயில் அதைச் சேர்க்க வேண்டாம். உள்ளே ஓர் இழுகயிற்றை விட்டு, சிமெண்ட் புகாதபடி இரண்டு முனைகளையும் அடைத்துவையுங்கள். ஆகும் செலவு, நல்ல ஹெட்ஃபோன் ஒன்றின் விலையில் ஒரு சிறு பங்குகூட இருக்காது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வாக்வாவில் ஒரு குடும்பம் தால் போடுகிறது. இளைய மகனுக்கு மாடி. இன்னும் ஸ்பீக்கர் எதையும் அவர்கள் வாங்கவில்லை. சனிக்கிழமை மாலை நான் போய் இரண்டு குழாய்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.